அறை நண்பர் விலகினால் வாடகை யார் தலையில்?

புதுதில்லி: குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்க வந்து, தில்லியின் ராஜிந்தர் நகரிலும் முகர்ஜி நகரிலும் வீடு பிடிக்கும் இளைஞர்களில் தமிழகத்தவரும் உண்டு. வாடகையைத் தனியாகத் தாங்க இயலாததால் மூவர், நால்வராகச் சேர்ந்து குடியேறுகின்றனர். 11 மாத ஒப்பந்தத்தில் அனைவரும் கையெழுத்திடுகின்றனர். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதால் வந்த வழக்கம் இந்த 11 மாதம். தேர்வு முடிவு வெளியானதும் ஒருவர் ஊர் திரும்பினால் சிக்கல் தொடங்குகிறது.

தன் பங்கைத் தந்தாயிற்று, மீதி மற்றவர்கள் பாடு என்று விலகுபவர் நினைக்கலாம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்பட்டிருந்தாலன்றி, பலர் கூட்டாக அளித்த வாக்குறுதியை அவர்களில் எவரிடமிருந்தும் முழுமையாகக் கோரலாம் என்கிறது அதன் 43-வது பிரிவு.

மாத வாடகை ரூ. 30 ஆயிரம், குடியிருப்போர் மூவர் என்று கொள்வோம். உரிமையாளர் ஒருவரிடமே 30 ஆயிரத்தையும் கேட்கலாம். கொடுத்தவர் மற்ற இருவரிடமும் தலா 10 ஆயிரம் பெறலாம். அவர்களில் ஒருவர் கைவிரித்தால், அந்த 10 ஆயிரத்தை எஞ்சிய இருவரும் ஆளுக்கு 5 ஆயிரமாகச் சுமக்க வேண்டும். வழக்குத் தொடர வழி உண்டுதான். ஐயாயிரத்துக்காக நீதிமன்றப் படியேற எத்தனை பேருக்குப் பொழுது இருக்கிறது?

இடையில் காலி செய்தால் மீதி மாத வாடகை முழுவதையும் தர வேண்டும் என்ற நிபந்தனையும் சில ஒப்பந்தங்களில் உண்டு. ஆனால் 74-வது பிரிவு, எழுதிய தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீட்டையே அனுமதிக்கிறது. உடனே வேறொருவர் குடிவந்துவிட்டால் முழுத் தொகையைக் கோருவது எளிதல்ல.

வாடகைச் சட்டங்கள் இவர்களுக்குக் கைகொடுப்பதில்லை. 1958-ஆம் ஆண்டின் தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1988-இல் செய்த திருத்தத்துக்குப் பின், மாத வாடகை ரூ. 3,500-ஐத் தாண்டிய வீடுகளுக்குப் பொருந்தாது. 1995-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டமோ, குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்றும், வணிகர்களின் எதிர்ப்பால் நடைமுறைக்கு வரவேயில்லை. 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ஏற்ற மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புகளுக்கான முன்பணத்தை இரண்டு மாத வாடகைக்குள் கட்டுப்படுத்துகிறது. மாநிலங்கள் ஏற்றால்தான் அதற்கு உயிர்.

விலகுபவருக்கு உரிமையாளரின் விடுவிப்புக் கடிதம் மட்டும் போதாது. ஒருவரை உரிமையாளர் விடுவித்தாலும் மற்றவர்களின் பொறுப்பு நீங்காது. விடுவிக்கப்பட்டவர் தம் கூட்டாளிகளுக்குத் தர வேண்டியதும் நீங்காது என்கிறது 44-வது பிரிவு. எனவே அறை நண்பர்களிடமும் கணக்கு தீர்ந்ததாக எழுதி வாங்காமல் ரயிலேறுபவரை, ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் வக்கீல் நோட்டீஸ் தேடி வரலாம்.