மீன் வருவதற்கு முன்னால் நடக்கும் கூத்து

பெரம்பூரில் ஓர் அடுக்குமாடி வீடு. ஹாலுக்குள் நுழைந்ததும் சோபாவுக்கு எதிரே அது நிற்கிறது. மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி. உள்ளே பச்சையில் எத்தனை வகை உண்டோ அத்தனையும் இருக்கிறது. நடுவில் செக்கச்செவேலென்று ரோட்டாலாச் செடிகள் ஒரு புதராக நிற்க, நியான் டெட்ரா மீன்கள் அவற்றைச் சுற்றி நீலக் கோடு இழுத்துக்கொண்டே போகின்றன. வருகிற விருந்தாளிகள் இங்கேயே நின்று "அடேயப்பா" சொல்லி, செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்களாம்.

நமக்கு இன்று அதற்கு மேலும் அனுமதி கிடைத்திருக்கிறது! தொட்டிக்குக் கீழே இருக்கும் அலமாரிக் கதவைத் திறக்கலாம். மொட்டைமாடிக்குப் போகலாம். பக்கத்து அறையில் இன்றுதான் புதுத் தொட்டி ஒன்று அமைக்கப்போகிறார்கள், அதையும் கூடவே இருந்து பார்க்கலாம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வாருங்கள், பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொள்ளுங்கள். உள்ளே தரையெல்லாம் ஈரம்.

முதலில் அலமாரி. மேலே வனம் என்றால் கீழே மெக்கானிக் ஷெட். ஒரு கேனிஸ்டர் ஃபில்டர் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், டைமர், சுருண்டு கிடக்கும் பைப்புகள் எல்லாம். உரத்தை அளந்து ஊற்ற ஊசி இல்லாத சிரிஞ்ச். பாசி சுரண்டக் காலாவதியான ஏடிஎம் கார்டு. பழைய டூத் பிரஷ் ஒரு கொத்து. மடித்து வைத்த துண்டுகள் ஏராளம். வயர்கள் எல்லாம் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி, பிறகு மேலேறிப் பிளக்கில் நுழைகின்றன. "தண்ணி சொட்டுனா அந்த வளைவுல இறங்கித் தரையில விழுந்துடும். நேரா வந்தா பிளக்குக்குள்ள போயிடும்" என்கிறார் வீட்டுக்கார அக்கா. பள்ளியில் உயிரியல் டீச்சர். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருக்கிறார், முழங்கை வரை மண்.

அதற்குள் பக்கத்து அறையில் ஒரே ஆரவாரம். கொளத்தூர் கடையிலிருந்து வந்த தம்பியும் அவருடைய உதவியாளரும் புதுத் தொட்டியைக் கதவுக்குள் நுழைக்கிறார்கள். "லெப்ட்ல வா... லெப்ட்னு சொன்னேன்டா!" காலித் தொட்டிக்கே இவ்வளவு வியர்வை. இனி அதில் சுமார் நூற்று எண்பது லிட்டர் தண்ணீர் நிற்கும், கல்லும் மண்ணும் கண்ணாடியும் சேர்ந்தால் இரண்டு குவிண்டாலைத் தாண்டும். அதனால்தான் அறையின் நடுவில் வைக்காமல் சுவரை ஒட்டி வைக்கிறார்கள். ஸ்டாண்டின் மேல் தெர்மாகோல் விரிக்கப்படுகிறது. அதற்கும் முன் அக்கா உள்ளங்கையால் பலகையைத் தடவித் தடவிப் பார்க்கிறார். ஒரு மணல் துகள் கிடந்தாலும் அந்த எடையில் அடிக்கண்ணாடி விரிசல் விடலாமாம். தம்பி கொத்தனார் வைத்திருப்பதுபோல ஒரு ரசமட்டத்தை எடுத்துவைக்கிறார். குமிழி கொஞ்சம் ஓரமாக நிற்கிறது. ஸ்டாண்டின் காலடியில் தகடு ஒன்று, இன்னொன்று... குமிழி நடுவுக்கு வந்ததும் அறையே கைதட்டுகிறது. நானும்தான்!

மொட்டைமாடிக்கு ஓடிப்போய் வந்துவிடுவோம். அங்கே நீல டிரம் ஒன்றில் மரவேர்கள் ஊறிக்கொண்டிருக்கின்றன. மரம் மிதக்கும் என்பதால் ஊறி, கனத்து, தானாக மூழ்கும் வரை விடமாட்டார்கள். டிரம்மில் தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்தில் இருக்கிறது, மரத்திலிருந்து இறங்கும் டானின் அது. மீனுக்குக் கெடுதல் இல்லை, ஆனால் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது மங்கலாகத் தெரியும். ஓரத்தில் கற்கள் வெயிலில் காய்கின்றன. அக்காவின் மகன் ஏழாம் வகுப்பு. அவன் ஒவ்வொரு கல்லின் மேலும் வினிகர் சொட்டு விட்டு, முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்க்கிறான். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றும். ஏற்கனவே உப்பு மிகுந்த சென்னை போர்வெல் தண்ணீர் இருக்கிற ஊரில் அது எதற்கு? "நுரைக்குது, இது ரிஜெக்ட்!" என்று அவன் கத்துவதைக் கேட்க வேண்டுமே, நீதிபதி தோற்றார்.

கீழே வந்தால் மண் கொட்டும் படலம். செடிக்கென்றே சுட்டுத் தயாரித்த கறுப்பு உருண்டை மண் இது. சாதாரணக் கூழாங்கல்லை அலசி அலசிப் போடுவார்கள். இதை அலசினால் உருண்டை உடைந்து சேறாகிவிடும், பையிலிருந்து அப்படியே கொட்ட வேண்டியதுதான். முன்பக்கம் இரண்டு விரற்கடை, பின்பக்கம் ஒரு சாண் என்று சரிவாக ஏற்றுகிறார்கள். வெறும் ஒன்றரை அடி அகலத் தொட்டிக்குள் ஏதோ மலையடிவாரம் விரிவதுபோல அப்போதே தோன்ற ஆரம்பித்துவிடுகிறது.

பிறகு கல்லை அடுக்குவது. இதுதான் எனக்கு மிகப் பிடித்த இடம். ஏனென்றால் இங்கேதான் சண்டை நடக்கிறது. அக்கா பெரிய கல்லை இடப்பக்கம் வைக்கிறார். தம்பி அதை வலப்பக்கம் நகர்த்துகிறார். அக்கா பின்னால் தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறார், தலையாட்டுகிறார், மறுபடி எடுக்கிறார். ஜப்பானிய முறையில் கற்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும், அவற்றில் ஒன்று தலைக்கல். அது தொட்டியின் நட்ட நடுவில் நிற்கக்கூடாது. தண்ணீருக்குள் இயற்கையை வளர்க்கும் இந்தப் பாணியை உலகத்துக்குக் கொண்டுவந்தவர் தகாஷி அமானோ, 1954இல் பிறந்து 2015இல் மறைந்த ஜப்பானியப் புகைப்படக்காரர். லிஸ்பன் ஓஷனாரியத்தில் அவர் கடைசியாக அமைத்த தொட்டியின் நீளம் நாற்பது மீட்டர். "அவரு நாப்பது மீட்டர் அடுக்குனாரு, நம்ம மூணடிக்கே மதியம் ஆயிடும் போல இருக்கே" என்று தம்பி சொல்ல, அக்காவின் மாமியார் சமையலறையிலிருந்து குரல் கொடுக்கிறார்: "கல்லை வெச்சது போதும், சாதம் ஆறுது!"

யாரும் சாப்பிடப் போகவில்லை. நீள பின்செட்டுகள் வெளியே வந்துவிட்டன. கண்ணாடிக் கப்புகளில் ஜெல்லிக்குள் வளர்ந்த செடிகள், திசு வளர்ப்பில் வந்தவை. ஜெல்லியைச் சுத்தமாகக் கழுவி, ஒவ்வொரு குட்டிச் செடியையும் பின்செட்டால் பிடித்துச் சாய்வாக மண்ணுக்குள் செருகி, பிடியை மெல்லத் தளர்த்தி உருவ வேண்டும். நேராக இழுத்தால் செடியும் கூடவே வந்துவிடும். நடவு வயலில் குனிந்த முதுகு எப்படி வலிக்குமோ அக்காவுக்கு இப்போது அப்படி வலிக்கிறது, ஆனாலும் இடத்தை விட்டுக்கொடுக்க மாட்டேனென்கிறார். மகன் தண்ணீர் ஸ்பிரேயை வைத்துக்கொண்டு செடிகள் காயாமல் தெளித்துக்கொண்டே இருக்கிறான். அனுபியாஸை மட்டும் மண்ணில் நடுவதில்லை. அதன் தண்டைப் புதைத்தால் அழுகிவிடும் என்பதால் ஒரு சொட்டு ஃபெவிக்விக் வைத்து மரவேரில் ஒட்டுகிறார் தம்பி. ஒட்டியது செடியா, அவருடைய கட்டைவிரலா என்று ஒரு நிமிடம் குழப்பம். இரண்டும்தான்.

கிரிப்டோகோரைன் செடியைக் கையில் எடுத்ததும் அக்காவின் குரல் மாறிவிட்டது. இதன் வெண்ட்டி, பெக்கெட்டி என்ற வகைகள் இலங்கையின் ஓடைகளில் பிறந்தவை. ரோட்டாலா ரோட்டுண்டிஃபோலியாவும் நம் பக்கத்து ஈர நிலத்துச் செடிதான். உலகமெங்கும் வரவேற்பறைகளில் நிற்கும் இந்தப் பச்சைகளுக்குச் சொந்த ஊர் நம் அண்டை அயல் என்பதில் அவருக்கு அப்படியொரு பெருமிதம். எனக்கும் அது தொற்றிக்கொண்டது. "நட்ட வாரத்துலயே இதோட இலையெல்லாம் கரையும். பயந்து பிடுங்கிடக் கூடாது. நர்சரியில தண்ணிக்கு வெளிய வளர்ந்த இலை அது, தண்ணிக்குள்ள வாழத் தெரியாது. வேர் இருந்தா போதும், புது இலை விடும்."

தண்ணீர் நிரப்புவதில் ஒரு தந்திரம். மண்ணின் மேல் பிளாஸ்டிக் கவரை விரித்து அதன்மேல் சொம்பு சொம்பாக ஊற்றுகிறார்கள். இல்லையென்றால் காலையிலிருந்து கட்டிய மலை நொடியில் கரைந்துவிடும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும் என்பதால் அதை முறிக்கும் சொட்டு மருந்தும் கலந்தாயிற்று. தொட்டி நிரம்புகிறது. அதன்பின் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, ஒரே கலங்கல்! உதவியாளருக்கு முகம் வாடிப்போயிற்று. "நாளைக்குப் பாரு" என்கிறார் தம்பி, அனுபவஸ்தர்.

அடுத்து நடந்ததைப் பார்த்து மாமியார் நெஞ்சில் கைவைத்துவிட்டார். அக்கா ஹாலில் இருக்கும் பழைய தொட்டியின் ஃபில்டரைத் திறந்து, பழுப்பேறிய ஸ்பாஞ்சை எடுத்து, புதுத் தொட்டியின் ஃபில்டருக்குள் பிழிகிறார். "ஏம்மா, இவ்ளோ பாடுபட்டு ஊத்துன தண்ணியில அழுக்கைப் பிழியறியே!"

"அத்தை, இது அழுக்கு இல்லை, குடித்தனக்காரங்க."

அந்தப் பழுப்பில்தான் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. மீன் கழிவிலிருந்தும் இந்தப் புது மண்ணிலிருந்தும் வரும் அம்மோனியாவை ஒரு கூட்டம் நைட்ரைட் ஆக்கும். அடுத்த கூட்டம் அதை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம், மூன்றாவது செடிக்குச் சாப்பாடு. இந்தக் குடும்பம் பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும், பழைய ஸ்பாஞ்சு அதைக் கொஞ்சம் விரைவுபடுத்தும். அதுவரை தொட்டியில் மீனே கிடையாது! கடையிலிருந்து தொட்டியோடு மீனையும் வாங்கிவந்து அன்றே விட்டு, வாரத்துக்குள் ஒவ்வொன்றாக மிதக்கவிடும் வீடுகள் எத்தனை! அந்த ஆறு வாரம் காத்திருக்கத் தெரிந்தவருக்குத்தான் இந்தக் கலை என்று நான் அடித்துச் சொல்வேன். ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவினாலும் குளோரின் இந்தக் குடும்பத்தைத் தீர்த்துவிடும், தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில்தான் அலச வேண்டும். மின்வெட்டு வந்தால் இந்த வீட்டின் இன்வெர்ட்டர் முதலில் பார்ப்பது ஃபில்டரை. டி.வி. அப்புறம்தான்.

பழைய தொட்டிக்கு இன்று வாராந்தரப் பராமரிப்பு. ஹோஸ் வழியாக மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் வாளிகளுக்கு இறங்குகிறது, வாளிகள் மாடிக்கு ஏறுகின்றன. அங்கே கறிவேப்பிலைக்கும் துளசிக்கும் நைட்ரேட் விருந்து. கறிவேப்பிலை இலையின் அகலத்தைப் பார்த்தால் நம்புவீர்கள். தொட்டிப் பேச்சு என்றாலே முகம் சுளிக்கும் மாமியார் இந்த வாளிக்கு மட்டும் மாடிப்படியிலேயே காத்து நிற்கிறார்.

உயர்ந்துவிட்ட ரோட்டாலாவைக் கத்தரித்து, வெட்டிய நுனிகளையே திரும்ப நடுகிறார்கள். மிஞ்சியவை ஈரச் செய்தித்தாளில் சுற்றப்பட்டு நண்பர்கள் வீட்டுக்குப் போகும், பதிலுக்கு அங்கிருந்து வேறு செடிகள் வரும். வரும் செடி படிகாரத் தண்ணீரில் ஊறாமல் உள்ளே நுழைய முடியாது. நத்தை முட்டைகள் இலையில் ஒளிந்து வருமாம். நூல்பாசியை மகன் டூத் பிரஷில் சுற்றிச் சுற்றி இழுக்கிறான், அவ்வளவு லாவகம். உள்ளே செர்ரி இறால்கள் அதே வேலையை மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. முன்னங்கால்களால் மாஸ் செடியிலிருந்து எதையோ பொறுக்கி வாயில் வைத்துக்கொண்டே இருக்கின்றன, ஒரு நொடி ஓய்வில்லை. மே மாதம் தண்ணீர் சூடேறும்போது மேற்பரப்பில் ஊத இரண்டு குட்டி மின்விசிறிகளும் தயாராகத் தொங்குகின்றன. ஆவியாகும் தண்ணீர் இரண்டு மூன்று டிகிரியைக் குறைத்துவிடும்.

விளக்கு எரிந்து சில மணி நேரம் ஆகியிருக்கும். "இங்க வாங்க, சீக்கிரம்!" என்று அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார். இலை நுனிகளில் வெள்ளி மணிகள்! ஒவ்வொன்றாகப் பெருத்து, அறுந்து, சரம் சரமாக மேலே ஏறுகின்றன. செடி விடும் ஆக்சிஜன். பள்ளியில் ஹைட்ரில்லாவின் மேல் புனலைக் கவிழ்த்து, சோதனைக் குழாயில் குமிழி எண்ணினோமே, அதேதான், ஆனால் ஒரு தொட்டி முழுக்க. தன் வகுப்பையே இங்கே கூட்டிவந்து காட்டுவாராம் அக்கா. அந்தப் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள்!

கடைசியில் படப்பிடிப்பு. ஜப்பானில் 2001 முதல் நடக்கும் நீர்ச்செடி அமைப்புப் போட்டிக்கு ஒரு படம் அனுப்ப அக்காவுக்கு ஆசை. அங்கே தொட்டியைப் பார்ப்பதில்லை, படத்தைப் பார்த்துத்தான் மதிப்பெண். ஆகவே பைப்புகள் எல்லாம் கழற்றப்படுகின்றன, பின்னால் வெள்ளைச் சார்ட் ஒட்டப்படுகிறது, ஹாலின் ஜன்னல்கள் போர்வையால் மூடப்படுகின்றன. ஃபில்டர் நின்றதும் தண்ணீர் உறைந்ததுபோல ஆகிவிடும் அல்லவா, அதற்கு மகன் ஸ்டூல் மேலேறி மேற்பரப்பில் ஹேர் டிரையரால் ஊதுகிறான். உடனே அடியில் வெளிச்சம் நெளிந்து ஓடுகிறது. மின்விசிறி நிறுத்தப்பட்ட அறையில் எல்லோருக்கும் வியர்த்து ஊற்றுகிறது. டெட்ராக்கள் மட்டும் ஒத்துழைக்க மறுத்து, மொத்தமும் மரவேருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டன. தம்பி ஒருபக்கம் போய்க் கையசைக்கிறார். அக்கா கேமராவுக்குப் பின்னாலிருந்து கெஞ்சுகிறார். மாமியார் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். தீனி டப்பாவைத் திறந்து இரண்டே இரண்டு துகளை வலது மூலையில் போட்டார். மொத்தக் கூட்டமும் வளைந்து திரும்பி அந்தப் பக்கம் பாய்ந்தது.

"எடும்மா சீக்கிரம், சாதம் கல்லாயிடுச்சு!"