மொய்ப் பணத்தில் இரண்டு சைக்கிள்!

கல்யாணத்தில் வந்த மொய்ப் பணத்தை என்ன செய்வார்கள்? கட்டில், பீரோ வாங்குவார்கள். பாத்திரம் வாங்குவார்கள். கடன் இருந்தால் அடைப்பார்கள்.

ஒரு புது மணத் தம்பதி சைக்கிள் வாங்கினார்கள். ஒன்று அல்ல, இரண்டு!

அந்த மணப்பெண் யார் தெரியுமா? கணவருடன் சேர்ந்து ரேடியத்தைக் கண்டுபிடித்தாரே, அந்த மேரி கியூரி அம்மையார்தான்! மாப்பிள்ளை பெயர் பியரி கியூரி.

மோதிரம் இல்லை

மேரி போலந்து நாட்டில் பிறந்தவர். படிப்பதற்காகப் பாரிஸ் நகருக்கு வந்தவர். பியரி அங்கே ஒரு கல்லூரியில் ஆசிரியர். அவருடைய சம்பளம் மாதம் 500 பிராங்க். இரண்டு பேர் சிக்கனமாக வாழலாம். அவ்வளவுதான்.

1895-ம் ஆண்டு ஜூலை 26-ந் தேதி அவர்களுக்குப் பதிவுத் திருமணம் நடந்தது. மோதிரம் இல்லை. வெள்ளைப் பட்டு உடை இல்லை. மேரி கருநீல உடை உடுத்தியிருந்தார். கல்யாணம் முடிந்த பிறகு அதையே ஆராய்ச்சிக்கூடத்துக்கும் உடுத்திக்கொண்டு போகலாமே!

உறவினர் ஒருவர் கல்யாணப் பரிசாகப் பணம் கொடுத்திருந்தார். அந்தப் பணத்தில்தான் இரண்டு சைக்கிளும் வந்தன.

அப்போது அது புதுமை

இன்று நாம் ஓட்டும் சைக்கிளின் அமைப்பு 1885-ம் ஆண்டில் இங்கிலாந்தில் வந்தது. அதற்கு முன்பு முன்சக்கரம் ஆள் உயரத்துக்கு இருக்கும். பின்சக்கரம் மிகச் சிறியது. பாவாடை கட்டிய பெண் அதில் ஏறவே முடியாது!

பிறகு இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவாயின. செயின் வந்தது. 1888-ல் டன்லப் என்பவர் காற்று அடைத்த டயரைச் செய்தார். குலுங்காமல் போக முடிந்தது. பெண்களும் ஓட்டத் தொடங்கினார்கள்.

ரொட்டியும் பழமும்

புது மணத் தம்பதி சைக்கிளில் ஏறினார்கள். பாரிசைச் சுற்றி உள்ள கிராமங்களுக்கும் காடுகளுக்கும் போனார்கள்.

பகலில் காட்டில் உட்கார்ந்து ரொட்டி, பாலாடைக் கட்டி, பழங்கள் சாப்பிட்டார்கள். இருட்டியதும் வழியில் தென்பட்ட ஏதாவது ஒரு சிறு விடுதியில் தங்கினார்கள். அங்கே சூடான சூப் கிடைத்தது. இந்த விவரங்களை அவர்களுடைய மகள் ஈவ், தாயின் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

செலவு சில பிராங்குகள்தான்!

மாடுகள் பார்த்தன!

அதன் பிறகு ஒரு விடுமுறையில் மலைப்பக்கம் போனார்கள். ஒரு நாள் மாலையில் ஆற்றங்கரையில் நின்றுவிட்டார்கள். ஆற்றில் ஒரு படகு போயிற்று. அதில் யாரோ பாடிக்கொண்டே போனார்கள். கேட்டு மயங்கியதில் நேரம் போனதே தெரியவில்லை.

விடிவதற்குள் விடுதிக்குத் திரும்ப முடியவில்லை. வழியில் வண்டிக் குதிரைகள் சைக்கிளைக் கண்டு மிரண்டன! இருவரும் உழுத வயலில் இறங்கி நடந்தார்கள். மேட்டு நிலத்துக்கு வந்தபோது நல்ல நிலவு. பட்டியில் இருந்த மாடுகள் அருகில் வந்து இவர்களை அமைதியாகப் பார்த்தன.

1898-ல் ரேடியம் கண்டுபிடித்தார்கள். 1903-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 1906-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி பாரிஸ் தெருவில் குதிரை வண்டி ஏறிப் பியரி இறந்துபோனார். அவர்கள் சேர்ந்து வாழ்ந்தது 11 ஆண்டுகூட இல்லை!

1911-ல் மேரிக்கு இரண்டாவது நோபல் பரிசு வந்தது. 1923-ல் அவர் கணவரைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அந்த நிலவையும் மாடுகளையும் அதில் மறக்காமல் எழுதினார். கணவர் இறந்து 17 ஆண்டு கழித்தும் அந்த இரவு அவர் மனதை விட்டுப் போகவில்லை.

நீங்களும் போகலாம்

இதற்குப் பெரிய பணம் வேண்டியதில்லை. பழைய சைக்கிளே போதும். வாங்கும்முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். கோட்டம் இருந்தால் தெரிந்துவிடும். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியைத் தள்ளிப் பாருங்கள். நகரக் கூடாது. பாரில் விரிசல் இருந்தால் வாங்காதீர்கள்.

சீட்டின் உயரம் முக்கியம். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கி இருக்க வேண்டும். அதிகமாக மடங்கினால் முழங்கால் வலிக்கும். டயரில் காற்றுக் குறைந்தால் மிதிப்பது கஷ்டம். புறப்படும்முன் விரலால் அழுத்திப் பாருங்கள்.

சேலைத் தலைப்பையும் துப்பட்டாவையும் இழுத்துச் செருகிக்கொள்ள வேண்டும். சக்கரத்தில் சிக்கினால் ஆபத்து! செயினுக்கு மூடி இருப்பது நல்லது.

மனைவிக்கு ஓட்டத் தெரியாதா?

கற்றுக்கொள்ளலாம். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுதப் படிக்கக் கற்ற பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளும் கற்றார்கள். கூலி வேலை செய்தவர்களும் ஓட்டினார்கள்.

சீட்டை நன்றாக இறக்கிவிடுங்கள். இரண்டு காலும் தரையில் படட்டும். முதலில் பெடலை மிதிக்க வேண்டாம். காலால் தரையை உந்தி உந்திப் போகட்டும். விழாமல் போக வந்துவிட்டால் மிதிப்பது எளிது. கணவர்மாரே, பக்கத்தில் நின்று சிரிக்காதீர்கள்!

யார் முன்னால் போவது?

மெதுவாகப் போகிறவர்தான் முன்னால் போக வேண்டும். வேகமானவர் முன்னால் போனால் மற்றவர் துரத்திக்கொண்டே போக வேண்டியிருக்கும். அது உலாவே அல்ல.

முதல் நாள் அரை மணி நேரம் போதும். மூச்சு வாங்காமல் பேச முடிந்தால், அதுதான் சரியான வேகம். வண்டிகள் ஓடும் சாலையில் ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். ஆள் இல்லாத ஊர்ச் சாலையில் பேச்சை வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறும்முன் புறப்படுங்கள். தண்ணீரும் நாலு இட்லியும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். வீட்டில் பேச நேரம் கிடைக்காத பேச்செல்லாம் அங்கே பேசலாம்.

திரும்பி வரும்போது பணம் பையில் அப்படியே இருக்கும்!