பாசியின் பச்சை நிறத்தை நம்பலாமா?

வடசென்னையை ஒட்டிய மாத்தூர், 2011-ல் சென்னை மாநகராட்சியோடு இணைந்துவிட்டது. ஆயினும் வடக்கே மீஞ்சூர், பொன்னேரி பக்கம் நெல் சாகுபடி தொடர்கிறது. நெல்லுக்கு நீலப்பச்சைப் பாசி நல்ல உயிர் உரம் என்று கேட்ட விவசாயிக்கு, "குட்டை நீர் பச்சைப் பசேலென்று இருக்கிறதே, அதை வயலில் விட்டால் போதாதா?" என்ற எண்ணம் வருவது இயல்பு. போதாது. அதன் காரணத்தை நுண்ணோக்கி காட்டுகிறது.

எல்லாப் பாசியும் உரமல்ல

நெல் வயலுக்குத் தழைச்சத்து தருவதில் நீலப்பச்சைப் பாசிக்குப் பங்குண்டு என்பதை 1939-ல் பி.கே. டே என்ற இந்திய விஞ்ஞானி எடுத்துக்காட்டினார். இந்தியாவில் உள்ள இவ்வகைப் பாசிகளைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி.வி. தேசிகாச்சாரி வகைப்படுத்தி, 1959-ல் பெரு நூலாக வெளியிட்டார்.

அனபீனா, நாஸ்டாக் போன்ற பாசிகள் நுண்ணோக்கியில் மணிமாலை போலத் தெரியும். இடையிடையே வெளிறிய, தடித்த சுவருள்ள மணிகள் இருக்கும். காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடிப்பவை அவையே. சாக்கடை கலந்த குட்டையில் பச்சையாக மிதக்கும் மைக்ரோசிஸ்டிஸ் என்ற பாசிக்கு அந்த மணிகள் இல்லை. அது தழைச்சத்தைப் பிடிக்காது. சில சமயம் நஞ்சும் கொண்டிருக்கும்.

அளப்பது எப்படி?

இரத்த அணுக்களை எண்ணும் கட்டம் போட்ட கண்ணாடித் தகடே இதற்கும் உதவுகிறது. ஒரு மில்லிமீட்டர் சதுரம், பத்தில் ஒரு மில்லிமீட்டர் ஆழம். அதில் 100 உயிரணுக்கள் இருந்தால், ஒரு மில்லி லிட்டர் நீரில் 10 லட்சம் உயிரணுக்கள் என்று கணக்கு.

எண்ணிக்கை மட்டும் போதாது, பருமனும் வேண்டும். உருண்டையான உயிரணுவின் குறுக்களவு இரு மடங்கானால் கன அளவு எட்டு மடங்காகும். 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலமுள்ள தொட்டியில் 10 சென்டிமீட்டர் நீர் நின்றால், அது 200 லிட்டர். மில்லி லிட்டருக்கு 10 லட்சம் உயிரணுக்கள், ஒவ்வொன்றும் 5 மைக்ரான் குறுக்களவு என்றால், தொட்டி முழுவதிலும் ஈரப்பாசி சுமார் 13 கிராம்தான்! அதுவே 10 மைக்ரான் என்றால் சுமார் 104 கிராம். காய்ந்தால் எடை இன்னும் பல மடங்கு குறையும். இரண்டு தொட்டி நீரும் கண்ணுக்குப் பச்சைதான்.

மண் துகளும் இறந்த பாசியும் கலந்திருந்தால் எண்ணுவது கடினம். இதற்கும் வழி உண்டு. நீல ஒளி பட்டால் பாசியின் பச்சையம் சிவப்பாக ஒளிரும்; மண் அவ்வாறு ஒளிராது. பச்சை ஒளியில் நீலப்பச்சைப் பாசி தனித்து ஒளிரும். அதைப் படமெடுத்து, இழைகளின் நீள அகலத்தைக் கணினியால் அளந்தால் பாசியின் எடையை மதிப்பிடலாம். இழைகள் பின்னிக் கிடந்தால் கணக்கு தவறும் என்பதால், மாதிரியை நன்கு கலைத்து, பல படங்கள் எடுக்க வேண்டும்.

விவசாயி செய்ய வேண்டியது

குட்டை நீரையும், ஆலைக் கழிவு கலந்த நீரையும் பாசி வளர்க்கப் பயன்படுத்தக் கூடாது. தரமான தாய்ப்பாசியை வாங்கி, மேற்சொன்ன அளவுள்ள தொட்டியில் 10 கிலோ மண், 200 கிராம் சூப்பர் பாஸ்பேட் இட்டு வெயிலில் வளர்க்கலாம். படிந்த ஏட்டைக் காயவிட்டு, ஏக்கருக்கு 4 கிலோ வீதம் நடவு செய்த 10-ம் நாள் தூவி, வயலில் நீர் நிறுத்த வேண்டும்.

வாங்கிய பாசியில் உயிர் உள்ளதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணாடிக் குவளையில் நல்ல நீர், சிட்டிகை சூப்பர் பாஸ்பேட், சிறிது பாசித்தூள் இட்டு வெளிச்சத்தில் வைக்க வேண்டும். யூரியா சேர்க்கக் கூடாது. பத்து நாளில் நீலப்பச்சை ஏடு படராவிட்டால் அந்தப் பொட்டலத்தை நம்ப வேண்டாம்.

சூழ்நிலை நன்றாக அமைந்தால் பாசியால் ஏக்கருக்கு 8 முதல் 12 கிலோ வரை தழைச்சத்து கிடைக்கலாம். அதனால் யூரியாவை ஒரேயடியாக நிறுத்திவிடாமல், மண் பரிசோதனைப்படி குறைப்பதே நல்லது. திருவள்ளூர் மாவட்ட விவசாயிகள் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தை அணுகி ஆலோசனை பெறலாம். நிறத்தை நம்பாமல், தரத்தை அறிந்து பாசியை இட்டால் செலவு குறையும். மண்ணும் வளம் பெறும்.