படுவான்கரையில் ஓர் உலாவி

மட்டக்களப்பு வாவி இந்நிலத்தை இரண்டாகப் பகுக்கின்றது. கதிரவன் எழும் பக்கம் எழுவான்கரை. அவன் சாயும் பக்கம் படுவான்கரை. அலுவலகங்களும் பெரிய மருத்துவமனையும் எழுவான்கரையை அண்டியிருக்க, வயலும் மேய்ச்சல் நிலமும் படுவான்கரையில் விரிந்து கிடக்கின்றன. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே ஆட்களையும் மிதிவண்டிகளையும் ஏற்றி இறக்கிய படகுப்பாதையை நம்மவர் சுருக்கமாகப் ‘பாதை’ என்றே அழைப்பர். நீர்மேல் அசையும் மேடைக்குப் பாதை என்று பெயரிட்ட மக்களுக்கு உலாவியை விளக்குதல் எளிது.

உலாவி இணையம் அன்று, தேடுபொறியும் அன்று. இணையம் வாவி போன்றது; எல்லாக் கரைகளையும் தொட்டுக் கிடப்பது. நாம் வேண்டும் பக்கங்களை வைத்திருக்கும் வழங்கிகள் அக்கரைத் துறைகள். துறையின் பெயர் தெரியாதவர்க்கு வழி சொல்பவன் தேடுபொறி. நம் வேண்டுகோளை ஏற்றிச் சென்று விடையை ஏற்றிவரும் பாதையே உலாவி. குரோம், பயர்பொக்ஸ், சஃபாரி ஆகியவை உலாவிகள். கூகுள் என்பது தேடுபொறி. இந்த ஒரு வேறுபாட்டை உணராமல் பல ஆண்டுகள் இணையத்தைப் பயன்படுத்துவோர் உளர். முகவரி முழுவதும் தெரிந்திருந்தும் அதைத் தேடுபெட்டியில் இட்டு, வந்த பட்டியலில் முதலாவதைத் தொட்டுவிடுகின்றனர். முதலாவதாக நிற்பது பல வேளைகளில் விளம்பரம்.

முகவரியை எழுதி உள்ளிட்டதும் நிகழ்வது என்ன? கணினிகள் ஒன்றையொன்று எண்களாலேயே அறியும். ஆதலால் உலாவி முதலில் அப்பெயருக்குரிய எண்ணைப் பெயர்ப்பதிவு வழங்கியிடம் கேட்டறிகின்றது. பின்னர் அவ்வெண்ணுக்குரிய வழங்கியிடம் பக்கத்தைத் தருமாறு வேண்டுகின்றது. முதல் நடையில் வருவது படமன்று, வெறும் உரை. இது தலைப்பு, இது பந்தி, இங்கே ஒரு படம் வரும் என்று குறித்த உரை. அதைப் படித்தபின் படத்திற்கு ஒரு நடை, நிறத்திற்கும் வடிவத்திற்கும் ஒரு நடை என உலாவி மீண்டும் மீண்டும் போய் வருகின்றது. மெலிந்த இணைப்பில் சொற்கள் முன்னே தோன்றிப் படங்கள் பின்னே வருவது இதனாலேதான்.

இவ்வேலைக்குரிய முதற் கருவியை 1990இல் ஆக்கியவர் டிம் பேர்ணர்ஸ்-லீ. இடம், செனீவா நகரை அடுத்த சேர்ன் ஆய்வகம். அவ்வாய்வகம் 1993 ஏப்ரல் 30 அன்று வலை என்னும் இத்தொழில்நுட்பத்தை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என அறிவித்தது. அதே ஆண்டில் அமெரிக்காவின் இல்லினோய் பல்கலைக்கழகத்தில் உருவான மொசையிக் என்னும் உலாவி உரையோடு படத்தையும் ஒரே பக்கத்தில் காட்டி, வலையைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தது.

தமிழரான நமக்கு உலாவி செய்யும் இன்னொரு தொண்டு உண்டு. அதைச் சற்று நின்று நோக்குதல் தகும். ‘மட்டக்களப்பு’ என்னும் சொல்லில் எழுத்துகள் 8. ஒருங்குறி முறையில் மெய்யின் புள்ளியும் உகரக் குறியும் தனித்தனியே எண்ணப்படுவதால் அது 12 குறிகளாகும். வலையில் பெரும்பாலும் வழங்கும் முறையில் குறிக்கு 3 பைட்டாக, 36 பைட்டுகளாய்ப் பயணம் செய்கின்றது. ‘கொக்கட்டிச்சோலை’யின் முதலெழுத்து இன்னும் நுட்பமானது. ககரம் முதலிலும் ஒகரக் குறி அடுத்தும் வந்து சேரும். ஆனால் திரையில் அக்குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இருபுறமும் அமர வேண்டும். வந்த வரிசையையும் எழுதும் வரிசையையும் இசைவித்து ஒவ்வொரு கணமும் நம் எழுத்தை உருவாக்கித் தருவது உலாவியும் கணினியின் எழுத்துரு அமைப்பும் சேர்ந்தே. பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ்ப் பக்கம் ஆங்கில எழுத்துக் குப்பையாய்த் தோன்றிய நாளை அறிந்தவர்க்கு இதன் அருமை விளங்கும்.

காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகளார் லண்டன் பல்கலைக்கழகத்து அறிவியற் பட்டதாரி. 1930களில் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கி, அறிவியலைத் தமிழால் சொல்ல இயலும் என நிறுவியவர். உலாவி, வழங்கி, தேடுபொறி என்று நாம் இன்று தயக்கமின்றிச் சொல்வது அவர் போன்றோர் வகுத்த நெறியில் நடப்பதே ஆகும். கல்லடி உப்போடையில் அவர் துயிலும் இடத்தைக் கடந்து செல்லும்போதெல்லாம் எனக்கு இந்நன்றி எழும்.

இனி, முகவரியைப் படிக்கும் முறை. எங்கள் பெரியம்மா பேரனின் சாதாரண தரப் பெறுபேற்றைப் பார்க்கக் கைப்பேசியோடு வந்தார். “இது சரியான இடந்தானா மனே? பூட்டுப் படம் கிடக்கு” என்றார். பூட்டு, வழியில் எவரும் செய்தியை ஒற்றுக்கேட்க இயலாது என்பதற்கு மட்டுமே சான்று. அக்கரையில் நிற்பவர் நல்லவர் என்பதற்குச் சான்றன்று. மோசக்காரரும் பூட்டுப் பெறலாம். ஆகவே முகவரியின் தொடக்கத்தில் இரட்டைச் சாய்கோடு இருப்பின் அதை விட்டு, அடுத்து வரும் முதற் சாய்கோட்டுக்கு முன்னுள்ள பகுதியை வலமிருந்து இடமாகப் படிக்கச் சொன்னேன். இறுதியில் நிற்கும் ‘எல்கே’ இலங்கையைக் குறிக்கும். அதற்கு முன் ‘கொவ்’ வந்தால் அரச நிறுவனம். அவ்விரண்டும் நடுவிலே வந்து, அவற்றின்பின் புள்ளியிட்டு வேறொரு பெயர் நின்றால், தளம் அந்த வேறொருவருக்கே உரியது.

அவர் விரலை வைத்து, புள்ளி புள்ளியாகப் பின்னோக்கி நகர்த்தினார். கடைசியில் நின்றது நாட்டின் பெயரன்று. அறியாத ஒரு பெயர். பேரனின் சுட்டெண்ணை அதில் இடாமல் அப்பக்கத்தை மூடினார். பிறகு பாடசாலை அறிவித்தலில் இருந்த முகவரியை ஒவ்வொரு எழுத்தாகத் தாமே உள்ளிட்டார். மூன்று முறை பக்கம் திறக்கவில்லை. பெறுபேற்று நாளில் ஒரே வழங்கியை நாடெங்கும் உள்ளோர் நாடுவதால் நேரும் நெருக்கம் அது. நான்காம் முறை திறந்தது. பெறுபேற்றைப் பார்த்து முடித்ததும், “இத மறக்காம வைக்க வழி இருக்கா?” என்று கேட்டார். நூற்குறியாகச் சேமிக்கும் இடத்தைக் காட்டினேன். பெயரிடும் கட்டத்தில் அவர் எழுதியது ‘பேரன்ட சோதனை’ என்று.