பீத்தோவன் கச்சேரி: பின்வாசல் வழியே!

வாங்க வாங்க, சத்தம் போடாமல் பின்வாசலில் நுழைந்துவிடலாம்! 1808 டிசம்பர் 22, மாலை ஆறரை. வியன்னாவின் தியேட்டர் ஆன் டெர் வீன். உள்ளே பல் கிட்டும் குளிர். கோட்டை மட்டும் கழற்றிவிடாதீர்கள்!

பீத்தோவனுக்கு வயது 38. மாதம் பிறந்தால் சம்பளம் தரும் அரண்மனை உத்தியோகம் கிடையாது. இசையமைப்பதும் அவர், பியானோ வாசிப்பதும் அவர், கச்சேரி நடத்துவதும் அவரே! தர்மக் கச்சேரிகளில் உழைத்ததற்குப் பதிலாக இந்த அரங்கம் ஒரு ராத்திரிக்குக் கிடைத்திருக்கிறது. வசூல் அவருக்கே.

கிடைத்த ஒரே ராத்திரியை விடுவாரா? ஐந்தாம் சிம்பொனி, ஆறாம் சிம்பொனி இரண்டும் இன்றுதான் அரங்கேற்றம்! கூடவே நான்காம் பியானோ கான்செர்ட்டோ, இத்தாலியப் பாட்டு, லத்தீன் வழிபாட்டுப் பாடல்கள், தனிப் பியானோவில் மனோதர்மம், கடைசியில் கோரல் ஃபேன்டசி. நான்கு மணி நேரம்!

திரைக்குப் பின்னால்தான் நிஜக் கூத்து. வாத்தியக்காரர்களுக்கும் அவருக்கும் ஏற்கெனவே தகராறு. ஒத்திகையின்போது அவரை உள்ளே விடாமல் பக்கத்து அறையில் உலாத்தவிட்டார்களாம்! பெயர்பெற்ற பாடகி அன்னா மில்டர் கோபித்துக்கொண்டு விலகிவிட்டார். பதிலுக்கு வந்த இளம்பெண் கில்லிட்ஷ்கிக்கு மேடையேறியதும் உதறல். போதாக்குறைக்கு, இசைக்கலைஞர் குடும்பங்களின் உதவி நிதிக்காக பர்க்தியேட்டரிலும் இதே நேரத்தில் கச்சேரி. தேர்ந்த கைகள் பலவும் அங்கே!

இதோ கோரல் ஃபேன்டசி. முன்பகுதியை எழுதவே நேரமில்லை. அங்கேயே கற்பனை செய்து வாசிக்கிறார். பிறகு எந்த இடத்தைத் திருப்பி வாசிப்பது என்பதில் குழப்பம், ஆளுக்கொரு பக்கம் போகிறார்கள். “நிறுத்துங்கள்!” பீத்தோவனின் குரல் அரங்கம் முழுக்கக் கேட்கிறது. முதலிலிருந்து மறுபடி!

மேலே பாக்ஸ் இருக்கையில் இளவரசர் லோப்கோவிட்ஸும் அவர் விருந்தாளி ரைஹார்ட்டும் நடுங்குகிறார்கள். இருவரும் கடைசிவரை எழுந்திருக்கவில்லை.

இதற்கிடையே, நெப்போலியனின் தம்பி ஜெரோம் பீத்தோவனைக் காசல் நகரத்துக்கு வேலைக்கு அழைக்கிறார், 600 டுகாட் சம்பளத்தோடு. ஆள் கிளம்பிவிட்டால்? பதறிப்போன மூன்று பிரபுக்கள் 1809 மார்ச்சில் ஒப்பந்தம் எழுதினார்கள்: ஆண்டுக்கு 4000 ஃப்ளோரின், ஊரைவிட்டுப் போகாமலிருந்தால் போதும்! 1500 ஆர்ச்டியூக் ருடால்ஃப், 1800 கின்ஸ்கி. மீதி 700? நான்கு மணி நேரம் குளிரில் நடுங்கிய அதே லோப்கோவிட்ஸ்!