திருச்சுழி செல்வோருக்கான தங்குமிடத் தேர்வு

திருச்சுழி, விருதுநகர் மாவட்டத்தில் குண்டாற்றின் கரையில் அமைந்த பழமையான ஊர் ஆகும். இங்குள்ள திருமேனிநாதர் கோயில், சுந்தரர் தேவாரம் பெற்ற பாண்டிநாட்டுத் தலம். ரமண மகரிசி 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த இல்லம், சுந்தர மந்திரம் என்ற பெயரில் பேணப்படுகிறது.

முற்காலத்தில் வழிப்போக்கர்கள் சத்திரங்களிலும் சாவடிகளிலும் வீட்டுத் திண்ணைகளிலும் தங்கினர். ரமணரின் தந்தை சுந்தரம் ஐயரின் வீடும் வெளியூரார்க்கு உணவும் இடமும் அளித்த வீடாகும்.

இன்று திருச்சுழியைக் காண வருவோருக்கு ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவிலுள்ள அருப்புக்கோட்டையே தங்குவதற்கு ஏற்றது. பேருந்தில் செல்வோர் பேருந்து நிலையத்தை ஒட்டிய விடுதியைத் தேர்ந்தால் விடியற்காலையில் புறப்படுவது எளிது. சொந்த வாகனத்தில் வருவோர் வண்டி நிறுத்த இடம் உள்ளதா எனக் கேட்டறிய வேண்டும். மீனாட்சியம்மன் கோயிலையும் சேர்த்துக் காண விரும்புவோர், அருப்புக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவிலுள்ள மதுரையில் தங்கலாம். ஆனால் காலைப் பயண நேரம் கூடும்.

இது மழை குறைந்த கரிசல் வட்டாரம். எனவே முன்பணம் கட்டுமுன் அறையைப் பார்த்து, குழாயில் நாள் முழுதும் தண்ணீர் வருமா, மின்தடையின்போது மின்விசிறி ஓடுமா என்று உறுதி செய்துகொள்வது நல்லது. கோடையில் மொட்டைமாடிக்கு நேர்கீழ் உள்ள அறை இரவிலும் அனலாக இருக்கும். முதியோருக்குத் தரைத்தள அறையே உகந்தது.

நண்பகலில் கோயில் நடை சாத்தப்படும். காலையிலேயே தரிசனத்தை முடித்து, வெயில் ஏறுமுன் அறைக்குத் திரும்பும்படி இடத்தைத் தேர்ந்தால் பயணம் களைப்பின்றி அமையும்.