கல்லூரி மாணவரும் மனநல ஆலோசனை மையமும்

வகுப்பறை, நூலகம், ஆய்வுக்கூடம், விடுதி ஆகியவற்றைக் கொண்டே ஒரு கல்லூரியின் வசதிகளை மதிப்பிடுவது வழக்கம். மனநல ஆலோசனை மையமும் இவ்வரிசையில் வைத்து எண்ணப்பட வேண்டிய காலம் வந்துவிட்டது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் தற்கொலையால் உயிரிழந்தோர் 1,70,924 பேர். அவர்களுள் 13,044 பேர் மாணவர்கள்.

பெங்களூர் தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் நிறுவனம் 2015-16-இல் 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வினை நடத்தியது. வயது வந்தோரில் 10.6 சதவிகிதத்தினர் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டுடன் வாழ்வதாக அவ்வாய்வு கண்டது. சிகிச்சை தேவைப்பட்டும் பெறாதோர், குறைபாட்டின் தன்மையைப் பொறுத்து, 70 முதல் 92 சதவிகிதம் வரை இருந்தனர். எனவே, சேவையை ஏற்படுத்துவது பாதி வேலையே. தேவைப்படுவோர் அதனை நாடி வரச் செய்வது மறுபாதி.

தயக்கம் ஏன்?

தேர்வில் தோல்வி, கல்விக் கடன், விடுதித் தனிமை, சாதியின் பேரால் நேரும் இழிவு எனத் துயரின் காரணங்கள் பல. ஆயினும் மாணவரை மையத்தின் வாயிலில் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் ஓர் அச்சமே. தாம் கூறுவது துறைத் தலைவருக்கோ, பெற்றோருக்கோ, வேலை அளிக்க வரும் நிறுவனத்திற்கோ எட்டிவிடுமோ என அவர் அஞ்சுகிறார். 'பைத்தியம்' என்ற பட்டம் சூட்டப்படுமோ என்ற கவலையும் உண்டு. தாய்மொழியில் மட்டுமே மனம்விட்டுப் பேச இயலும் மாணவருக்கு, அம்மொழி அறிந்த ஆலோசகர் இல்லாமையும் தடையாகிறது.

மையத்தில் நிகழ்வது யாது?

முதற் சந்திப்பில் ஆலோசகர் மாணவரின் உறக்கம், உணவு, படிப்பு, நட்பு, குடும்பச் சூழல் ஆகியவற்றைக் கேட்டறிகிறார். அறிவுரை கூறுவதைவிடக் காதுகொடுத்துக் கேட்பதே அவரது முதற்பணி. பலருக்குச் சில சந்திப்புகளே போதுமானவை. மருந்து தேவைப்படின், ஆலோசகர் அதனைத் தருவதில்லை. மனநல மருத்துவரிடம் அனுப்பிவைக்கிறார். 1996-இல் தொடங்கப்பட்ட மாவட்ட மனநலத் திட்டம் இதற்குத் துணைபுரிகிறது.

சட்டத்தின் துணை

2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மனநலச் சிகிச்சை பெறுவதை ஓர் உரிமையாக்கியது. சிகிச்சை பற்றிய தகவல்கள் இரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்பது அதன் விதி. உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழ்நிலைகள் மட்டுமே இதற்கு விலக்கு. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்திற்கு உள்ளானவராகவே கருத வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. அத்தகையோருக்கு வேண்டுவது பராமரிப்பே அன்றித் தண்டனை அன்று.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கல்வி நிறுவனங்களுக்குச் சில நெறிமுறைகளை வகுத்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையேனும் நியமிக்க வேண்டும். அதனினும் சிறியவை வெளியிலுள்ள வல்லுநருடன் முறையான தொடர்பு ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

மையம் மூடியிருக்கும் இரவு வேளையிலும் உதவி உண்டு. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையினை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். இந்திய மொழிகள் பலவற்றில் பேசலாம்.

நிர்வாகத்தின் பொறுப்பு

ஆலோசகரை நியமிப்பதோடு நிர்வாகத்தின் கடமை முடிந்துவிடுவதில்லை. ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் அவரை உறுப்பினராக்கினால், எந்த மாணவரும் அவரிடம் உண்மை பேசமாட்டார். மையத்தை முதல்வர் அறைக்கு எதிரில் வைத்தாலும் நேர்வது அதுவே. வகுப்பு முடிந்த பின்னரும் மையம் திறந்திருத்தல் வேண்டும். நிர்வாகத்திற்கு அனுப்பும் அறிக்கையில் வந்தோரின் எண்ணிக்கை மட்டுமே இடம்பெற வேண்டும், பெயர்கள் இடம்பெறலாகாது. இரகசியம் எப்போது, யாருக்காக மீறப்படும் என்பதை முதற் சந்திப்பிலேயே மாணவருக்குத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். செலவு அதிகமில்லாத இந்த ஏற்பாடுகள் இல்லையேல், மையத்திற்கு ஒதுக்கிய தொகை முழுவதும் செலவான பின்னரும், அதன் நாற்காலிகள் காலியாகவே இருக்கும்.